ஒட்டுப் போர்வை தைக்கப் புகுந்த தங்கைக்கு

செம்பட்டி

அன்புள்ள தங்கைக்கு,

தையற்பயிற்சி முடித்த கையோடு ரவிக்கையும் சுடிதாரும் தைத்துக் காசு பார்க்கப் போய்விடாமல், உள்ளூரிலும் வெளியூரிலும் இருக்கிற பெண்களிடம் ஆளுக்கொரு கட்டம் தைத்துத் தரும்படி கேட்டு வாங்கி, அவற்றையெல்லாம் ஒன்றாக இணைத்து, தாய் தகப்பனின் அரவணைப்பு வாய்க்காத குழந்தைகளுக்கு ஒட்டுப் போர்வையாக்கித் தருவது என்று நீ செய்துகொண்ட சங்கல்பம் எனக்கு மெத்த சந்தோஷத்தைத் தந்தது. ஆனால் உன் கடிதத்தின் கடைசியில், வந்து சேர்ந்த கட்டங்களில் ஒன்றுகூட மற்றொன்றின் அளவில் இல்லை என்று அலுத்துக்கொண்டு, "தருமத்துக்குத்தானே தைக்கிறோம், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன அக்கா?" என்று ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தருமத்துக்குத் தைப்பது கூலிக்குத் தைப்பதைவிட ஒரு மாற்று உயர்ந்திருக்க வேண்டுமே அன்றி, ஒரு மாற்றுக் குறைந்திருக்கலாகாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். கூலி கொடுத்து ரவிக்கை தைத்துக்கொண்டவள், கைக்குழி இழுக்கிறது, கழுத்து இறங்கிவிட்டது என்று மறுநாள் காலையிலேயே வாசலில் வந்து நிற்பாள். நாமும் பிரித்துத் தைத்துக் கொடுப்போம். போர்வை பெற்ற குழந்தை அப்படி வந்து நிற்காது. நாலாவது சலவையில் தையல் விட்டு உள்துணி வெளியே தள்ளினாலும், சிவப்புத் துண்டின் சாயம் இறங்கி மற்ற துண்டுகளையெல்லாம் கறையாக்கினாலும், அது யாரிடம் போய் முறையிடும்? தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று சொல்லி ஏற்பவர் வாயை அடைக்க நம் சமூகத்துக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பழமொழி வாங்குகிறவருக்கு விதித்தது. கொடுக்கிறவள் பல்லைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் மாட்டைத் தொழுவிலிருந்து அவிழ்க்க வேண்டும். கேட்கும் உரிமையில்லாத ஒருவருக்காகச் செய்யும் வேலையில், செய்கிறவளே கேட்கிறவளாகவும் இருக்கக் கடமைப்பட்டவள்.

முதலில் துணியைப் பற்றிச் சொல்கிறேன். நம் பக்கத்தில் துணிக்குப் பஞ்சமே இல்லை. கல்யாணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம், நவராத்திரிக் கொலு என்று ஒவ்வொரு சுபகாரியத்திலும் வெற்றிலை பாக்கு மஞ்சளோடு வைத்துக் கொடுக்கும் ரவிக்கைத் துண்டுகள், தைக்கப்படாமலும் தூக்கி எறியப்படாமலும், ஒரு வீட்டில் வாங்கியதை இன்னொரு வீட்டில் வைத்துக் கொடுப்பதாகவே சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் யாரோ ஒருத்தியின் பீரோவின் அடித்தட்டில் அடுக்கடுக்காகத் தங்கிவிடுகின்றன. மங்கலத்தின் அடையாளமாக வந்த துணியைப் பழந்துணிக்காரரிடம் போட மனம் வராத அந்த வீட்டுப் பெண்களிடம், ஒரு குழந்தைக்குப் போர்வையாகப் போகிறது என்று சொல்லிப் பார். அடுக்கையே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். போதாக்குறைக்குச் சின்னாளபட்டிச் சுங்கடியின் வெட்டுத்துண்டுகள் இருக்கின்றன; திண்டுக்கல் தையற்கடைகளின் மேசைக்கடியில் மூட்டை மூட்டையாக ஒதுக்குத்துணி கிடக்கிறது.

ஆனால் கிடைப்பதெல்லாம் உதவாது. தாம்பூலத்தில் வரும் ரவிக்கைத் துண்டுகளில் பாதி, பார்வைக்குப் பருத்திபோல் இருந்தாலும் பாலியெஸ்டர் கலந்தவை. ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தீக்குச்சியைக் காட்டு. காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலை விட்டால் அது பருத்தி. சுருங்கி உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் அது செயற்கை இழை. இரண்டையும் ஒரே போர்வையில் சேர்த்தால் ஒன்று சலவையில் சுருங்கும், மற்றது சுருங்காது. பருத்திக்கு வேண்டிய சூட்டில் இஸ்திரி போட்டால் மற்றது பொசுங்கும். திருப்பூர் பனியன் துணி இழுத்தால் நீளும் சுபாவமுள்ளது. அதையும் தறியில் நெய்த துணியோடு கலக்காதே. சாயத்துக்கு ஒரு பரீட்சை உண்டு: வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, சந்தேகப்படுகிற துண்டின்மேல் வைத்து அழுத்தித் தேய்த்துப் பார். நிறம் ஏறினால் தனியே எடுத்து வை. கல்லுப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை வழங்கிவருகிறது. அதை நம்பி அரக்குச் சிவப்பையும் கருநீலத்தையும் வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதே. நீரில் சாயம் தெளிகிறவரை அலசு, தெளியாவிட்டால் அந்தத் துண்டு வேண்டாம். எதையும் வெட்டுமுன் ஒருமுறை நனைத்து நிழலில் காயப்போட்டுவிடுவது உத்தமம்.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டரை அங்குலச் சதுரம் வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் சொல்லியனுப்பினாய்; வந்தவையோ பதினொன்றரையிலிருந்து பதின்மூன்று வரை இருக்கின்றன, அவற்றில் சில சதுரமாகவே இல்லை என்கிறாய். இதில் ஆச்சரியப்படவோ கோபித்துக்கொள்ளவோ ஒன்றுமில்லை. ஒருத்தி தையலுக்குக் கால் அங்குலம் விடுகிறாள்; ரவிக்கை தைத்துப் பழகிய இன்னொருத்தியின் கை தன்னையறியாமலே அரை அங்குலம் எடுத்துக்கொள்கிறது. ஒருத்தியின் இஞ்ச் டேப் பழசாகி நீண்டிருக்கும். வேறொருத்தி பாவு ஊடை பார்க்காமல் குறுக்குவாட்டில் வெட்டியிருப்பாள். அந்த ஓரம் இஸ்திரிப்பெட்டி பட்டதும் நீண்டு, அலை அலையாக நெளிந்து நிற்கும். இத்தனை கைகளையும் ஒரே கையாக்குவதுதான் இணைக்கிறவளின் வித்தை. கட்டம் தைப்பது கலையின் பாதி. கண்ணுக்குத் தெரியாத மறுபாதி உன்னுடையது.

செய்யவேண்டியது இதுதான். எல்லாக் கட்டங்களையும் லேசாக நீர் தெளித்து, பெட்டியை இழுக்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்து. பிறகு மிகச் சிறிய கட்டம் எதுவோ அதை நடுவில் வைத்துக் கணக்குப் போடு. பெரியவற்றைச் சிறிதின் அளவுக்கு நறுக்கப் போனால், யாரோ ஒருத்தி இரவில் கண்விழித்துக் கூர்மையாகச் சேர்த்த நட்சத்திரத்தின் முனைகள் உன் கத்தரியில் போய்விடும். அதற்குப் பதிலாக, எல்லாக் கட்டங்களுக்கும் நாற்புறமும் ஒரே நிறத்தில், ஓர் ஓரத்துக்கு இரண்டரை அங்குல அகலத்தில் பட்டி தைத்து, அப்புறம் எல்லாவற்றையும் பதினான்கு அங்குலச் சதுரமாக நறுக்கு. சிறிய கட்டத்துக்குப் பட்டி அகலமாகவும் பெரியதற்கு ஒடுக்கமாகவும் தெரியும். அந்த வித்தியாசம் கண்ணை உறுத்தாது. தையலுக்கு இருபுறமும் அரை அரை அங்குலம் போக ஒவ்வொன்றும் பதின்மூன்று அங்குலம் நிற்கும். மூன்றுக்கு நான்காகப் பன்னிரண்டு கட்டங்களைச் சேர்த்தால் 39க்கு 52 அங்குலத்தில் ஒரு சிறு குழந்தைக்குப் போதுமான போர்வை கிடைத்துவிடும். அந்தப் பட்டிக்குரிய நிறத்தை மட்டும் நீயே விலை கொடுத்து, ஒரே தானில் வாங்கு. கைக்குக் கை மாறி வந்த பன்னிரண்டு துண்டுகளையும் ஒரு குடும்பமாகத் தெரியச் செய்வது அந்த ஒரு நிறந்தான்.

அவ்வளவும் செய்த பிறகும் சேராத கட்டம் ஒன்றிரண்டு இருக்கும். தையல் மூன்று இடத்தில் விட்டிருக்கும், ஊசி உடைந்து முனை உள்ளேயே தங்கியிருக்கும், அல்லது மணியும் ஜமிக்கியும் வைத்துத் தைத்திருக்கும். இங்கேதான் உனக்குத் தாட்சண்யம் குறுக்கே நிற்கும். கொடுத்தவள் மனம் நோகுமே என்று அதையும் சேர்த்துவிடத் தோன்றும். கொடுத்தவளுக்கும் குழந்தைக்கும் நடுவே நீ நிற்கிறாய். இருவருக்கும் நீ கடமைப்பட்டவள். ஆனால் இருவர் நலமும் மோதுகிற இடத்தில் குழந்தையின் பக்கம் நில். விட்ட தையலைப் பிரித்து நீயே போட்டுவிடு, அதை யாரிடமும் சொல்லவேண்டியதில்லை. மணியும் பொத்தானும் ஜமிக்கியும் சிறு குழந்தையின் வாய்க்குப் போய்த் தொண்டையில் சிக்கக்கூடியவை, ஒன்றுவிடாமல் எடுத்துவிடு. முடிந்த ஒவ்வொரு போர்வையின்மீதும் ஒரு காந்தத்தைப் பொறுமையாக ஓட்டிப் பார். எவ்விதத்திலும் தேறாத கட்டமானால், அதைப் பிரித்து நல்ல பகுதியை எடுத்து வேறொரு கட்டத்தில் வை. கொடுத்தவளின் துணி போர்வையில் இருக்கிறது என்று நீ சொன்னால் அது சத்தியமாகவே இருக்கட்டும்.

மேல்நாட்டுப் புத்தகங்களில் கால் அங்குலத் தையலே போதும் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, நான் ஏன் அரை அங்குலம் சொல்கிறேன் என்று நீ கேட்கலாம். அவர்கள் துணி இயந்திரத்தில் துவைபடுகிறது. நம் ஊரில் ஒரு போர்வை சவர்க்காரம் போட்டு ஊறவைக்கப்பட்டு, துவைகல்லில் ஓங்கி அடிக்கப்பட்டு, இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்து முறுக்கிப் பிழியப்பட்டு, கொடியில் வெயிலில் கிடக்கிறது. குழந்தைகள் இல்லத்தில் இது வாரத்துக்கு வாரம் நடக்கும். அந்த அடியைத் தாங்காத தையல் தையலே அல்ல. கட்டங்களுக்குள்ளே பிறர் போட்ட தையல் முழுவதையும் நீ மாற்ற முடியாது. ஆனால் மேல்துணி, நடுப்படலம், அடித்துணி என்ற மூன்று படலங்களையும் சேர்த்து நீ போடும் ஓட்டுத்தையல், அந்தப் பலவீனமான இணைப்புகளைக் குறுக்கே கடந்து போகும்படி பார்த்துக்கொள்ளலாம். வரிசைக்கும் வரிசைக்கும் நான்கு விரற்கடைக்கு மேல் இடைவெளி விடாதே. இயந்திரத் தையலானால் அங்குலத்துக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு. நூல்கண்டு வாங்கும்போது மட்டும் மலிவு பார்க்காதே. மற்ற எல்லாம் தானமாக வந்திருக்க, நூலில் கஞ்சத்தனம் பிடித்தால் தானம் முழுவதும் அந்த நூலோடு அறுந்துபோகும். முதலில் நைந்துபோவது ஓரம். ஆகையால் ஓரப்பட்டியைக் குறுக்குவாட்டில் வெட்டி, இரட்டை மடிப்பாகக் கட்டு.

நடுப்படலத்தில் என்ன வைப்பது என்பது எந்த ஊருக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. செம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு வழியாக மலையேறினால், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்தில் கொடைக்கானல். அதற்கும் அப்பால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலான மேல்மலைக் கிராமங்கள். இங்கே புழுக்கத்தில் விசிறியைத் தேடுகிற அதே ஜில்லாவில், அங்கே மார்கழி தை மாதங்களில் புல்லின்மேல் உறைபனி படிகிறது. சமவெளிக் குழந்தைக்குப் போர்வை பெரும்பாலும் விரிப்பாகத்தான் பயன்படும். நைந்து மிருதுவான பருத்தி வேட்டி ஒன்றை நடுவில் வைத்தாலே போதும், அதற்கு மேல் வைத்தால் வேர்க்கும். மலைக்குப் போவதற்கு ஒரு பழைய பருத்திப் போர்வையையே உள்ளே வைத்துத் தை. இலவம்பஞ்சு மெத்தைக்கு உகந்தது, துவைக்கிற பொருளுக்கு உகந்ததல்ல. நனைந்தால் கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும்.

ஒரு விஷயத்தை மிக அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு வயது நிறையாத சிசு தூங்கும்போது அதன்மேலோ அருகிலோ தளர்வான போர்வை இருக்கலாகாது என்பது குழந்தை வைத்தியர்களின் திடமான உபதேசம். முகத்தை மூடினால் விலக்கிக்கொள்ளத் தெரியாத வயது அது. ஆகவே பிரசவ விடுதிக்குப் போர்வை கொடுக்க ஆசைப்பட்டால், தரையில் விரித்துக் குழந்தையை விழித்திருக்கும் நேரத்தில் குப்புறப் போட்டு விளையாடவிடும் விரிப்பு என்று சொல்லியே கொடு.

கந்தலையும் துண்டையும் சேர்த்துத் தைப்பது தரித்திரத்தின் வேலை என்று உன்னிடம் யாராவது சொன்னால் தலைகுனியாதே. மகத நாட்டு வயல்கள் வரப்புகளால் கட்டம் கட்டமாகப் பிரிந்து கிடந்த அழகைப் பார்த்துத்தான் புத்தர், துறவிகளின் சீவர ஆடையை அவ்விதமே துண்டு துண்டாக இணைத்துத் தைக்கும்படி ஆனந்தரிடம் சொன்னார் என்று விநய பிடகம் கூறுகிறது. ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரில் நடவு முடிந்த வயல்களைப் பார்த்து வளர்ந்த உனக்கு அந்தக் காட்சியை விளக்கவேண்டியதில்லை. இன்றும் இலங்கையில் மழைக்கால விரதம் முடிந்ததும் நடைபெறும் கடின பூஜையில், தானமாக வந்த துணியை வெட்டி, தைத்து, சாயமேற்றி, ஒரே நாளுக்குள் ஆடையாக்கிவிடுகிறார்கள். நம் பக்கத்துக் கன்னட நாட்டில், உத்தர கன்னட ஜில்லாக் காடுகளை ஒட்டி வாழும் சித்தி இனத்துப் பெண்கள் பழந்துணிகளைக் கொண்டு 'கவந்தி' என்னும் போர்வை தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முன்னோர்களின் சந்ததியார் அவர்கள். ஓர் ஓர மூலையில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவது அவர்கள் முறை. நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணத் துண்டுகளைப் பூவாக வைத்த பிறகே போர்வை நிறைவுற்றதாக அவர்கள் கொள்கிறார்கள்; பூவில்லாத போர்வை அவர்கள் கண்ணுக்கு அம்மணமானது. வறுமையில் தைக்கிறவளும் மூலைக்கு ஒரு பூவை மறப்பதில்லை என்பதை நினைத்துப் பார். உன்னுடைய "முன்னே பின்னே இருந்தால் என்ன" என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

பலர் கைவேலையை ஒன்றாக்கும் காரியம் நம் மாகாணத்துக்கும் புதிதல்ல. சுபஸ்ரீ நடராஜன் என்ற அம்மையார் தொடங்கிய 'மதர் இண்டியாஸ் குரோஷே குயீன்ஸ்' குழுவினர், பல ஊர்ப் பெண்கள் கொக்கி ஊசியால் பின்னியனுப்பிய துண்டுகளை இணைத்து, 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வை ஒன்றை விரித்து கின்னஸ் சாதனை செய்தார்கள். பிறகு அதைப் பிரித்து ஏழை எளியவர்க்கு வழங்குவதே அவர்கள் உத்தேசமாயிருந்தது. சாதனை பெரிதுதான், ஆனாலும் பிரித்து ஒரு மனிதனின் தோளளவுக்குச் சிறிதாக்கிய பிறகே அந்தப் போர்வை தன் பிரயோசனத்தை அடைகிறது என்று எனக்குப் படுகிறது. 1999ல் அன்ஷு குப்தா தொடங்கிய 'கூஞ்ச்' நிறுவனமும், உடுத்த உதவாத துணிகளை வீணாக்காமல் 'சுஜ்னி' விரிப்புகளாகத் தைப்பித்து வருகிறது.

அமெரிக்காவில் 1995ம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ரத்தப் புற்றுநோயால் வருந்திய ஒரு சிறுமி, கடுமையான சிகிச்சைக் காலம் முழுவதும் தன் சின்னப் போர்வையே தனக்குத் துணையாக இருந்ததாகச் சொன்ன செய்தி ஒரு பத்திரிகையில் வெளிவந்தது. அதைப் படித்த கேரன் லூக்ஸ் என்ற பெண்மணி, டென்வர் நகரத்துக் குழந்தைகள் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போர்வைகள் செய்து தரத் தொடங்கினார். எப்போதும் போர்வையைக் கைவிடாத ஒரு சித்திரக்கதைச் சிறுவனின் பெயரால் அந்த முயற்சி 'லைனஸ் திட்டம்' ஆயிற்று. குழந்தை ஒரு துணியை இவ்விதம் பற்றிக்கொள்வதன் காரணத்தை வினிகாட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1953ல் வெளியான கட்டுரையில் ஆராய்ந்தார். அம்மாவின் பழம்புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளாமல் தூங்காத பிள்ளையை வளர்த்த நம் வீட்டுப் பெண்களுக்கு அந்தக் காரணம் கட்டுரை இல்லாமலே தெரியும்.

இதிலிருந்து உனக்கு ஒரு நியமம் பிறக்கிறது. இல்லத்தில் வளரும் குழந்தைக்குத் தட்டு பொது, பாய் பொது, அலமாரி பொது. உன் போர்வை ஒன்றாவது அதற்குச் சொந்தமாக இருக்கட்டும். பின்பக்க மூலையில் ஒரு வெள்ளைத் துண்டு தைத்து, குழந்தையின் பெயரை எழுத இடம் விடு. இல்லத்தை விட்டுப் போகும்போது போர்வையும் கூடவே போகும் என்று பொறுப்பாளரிடம் முதலிலேயே பேசிக்கொள். கோயிலுக்கு உபயம் செய்கிறவர் பெயரெழுதி வைப்பது நம் சம்பிரதாயம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கட்டம் தைத்தவர்கள் தங்கள் பெயரை நடுவில் பூத்தையலில் போட்டு அனுப்பினால் அன்போடு மறுத்துவிடு. ஒரு குழந்தை இரவு முழுதும் பன்னிரண்டு பேருக்கு நன்றிக்கடன்பட்டபடி படுத்திருக்கவேண்டியதில்லை. போர்வை கொடுக்கும்போது புகைப்படம் எடுக்காதே. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் படத்தையும் அடையாளத்தையும் வெளியிடுவதை 2015ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தன் 74ம் பிரிவில் தடைசெய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது தகாது. முப்பது குழந்தைகள் இருக்கும் இடத்துக்கு இருபத்தைந்து போர்வையோடு போகாதே. முப்பதும் முடிகிறவரை பொறுத்திரு.

நம் செம்பட்டிக்குத் தொலைவில் இல்லாத காந்திகிராமத்தை, டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947ல் தொடங்கினார்கள். வசதியான குடும்பத்தில் பிறந்து வைத்தியம் படித்த அந்த அம்மையார், கிராமத்துக்குத் தரும் எதுவும் நகரத்துக்குத் தருவதைவிடத் தாழ்ந்ததாக இருக்கலாம் என்று எண்ணியிருந்தால் இங்கே ஆஸ்பத்திரியும் இல்லமும் கல்விக்கூடமும் எழுந்திருக்குமா? ஒருமுறை அங்கே போய் வா. யாரிடமும் எதுவும் கேட்கவேண்டாம், சுற்றிப் பார்த்தாலே போதும்.

இனி வேண்டிய துணிக்கு, நவராத்திரி முடிந்த மறுவாரத்திலிருந்து வீடு வீடாகக் கேட்கத் தொடங்கு. அப்போதுதான் பீரோக்கள் நிறைந்திருக்கும். ஐப்பசிக்குள் கட்டங்கள் கைக்கு வந்தால் கார்த்திகையில் இணைத்து முடித்துவிடலாம். மேல்மலைக்குப் போகவேண்டிய போர்வைகள் மார்கழி பிறக்குமுன் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதற்கப்புறம் போனால் அந்த வருஷத்துக் குளிரை அந்தக் குழந்தைகள் போர்வையில்லாமலே கழித்திருப்பார்கள். முதற்போர்வையை முடித்ததும் என்னிடம் எடுத்து வா. துவைகல்லில் நாமே அடித்துப் பார்த்துவிட்டு அனுப்புவோம்.

இப்படிக்கு,
உன் க்ஷேமத்தைக் கோரும்
அக்கா